சிங்கப்பூரின் நிலமும் சிராங்கூன் சாலையும்

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தொழிலையும் ஒழுகலாற்றையும் வகுத்துக் கண்டவர்கள் நம் முன்னோர். மலையென்றால் தினைப்புனம், கடற்கரையென்றால் மீனும் உப்பும், நீர்வளம் மிக்க சமவெளியென்றால் உழவு என்று, மண்ணைக் கொண்டே மக்களின் வாழ்வை அறிந்தார்கள். அந்தப் பார்வையோடு சிங்கப்பூரை நோக்கினால் நமக்கு என்ன தெரிகிறது என்பதை இன்று காண்போம்.

சிங்கப்பூரில் தமிழர் கூடும் இடம் எது என்று கேட்டால், சிறு பிள்ளையும் தேக்கா என்று சொல்லும். சிராங்கூன் சாலையும் அதன் இருபுறத்துக் கிளைத் தெருக்களும் சேர்ந்த அந்த வட்டாரத்தை இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கிறோம். 1989-ஆம் ஆண்டு அது பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. தீபாவளிக் காலத்தில் அங்கே விளக்குத் தோரணங்களைக் காணச் செல்கிறோம். பூவும் வெற்றிலையும் மளிகையும் வாங்கச் செல்கிறோம். ஆனால், இவ்வளவு பெரிய தீவில் நம்மவர் அந்த இடத்தில் ஏன் கூடினார்கள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அரசு ஒதுக்கிக் கொடுத்த இடம் அது என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறு அன்று. 1819-இல் இத்தீவில் வந்திறங்கிய ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், 1822-இல் நகரை அமைக்கத் திட்டம் வகுத்தார். சீனர்க்கு ஒரு பகுதி, அரபியர்க்கு ஒரு பகுதி, பூகிசர்க்கு ஒரு பகுதி என்று அத்திட்டம் நகரைப் பிரித்தது. அதில் தென்னிந்தியர்க்கென்று குறிக்கப்பட்ட 'சூலியா கம்போங்', சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்தது. சிராங்கூன் சாலை வட்டாரம் அத்திட்டத்தில் இந்தியர்க்கு உரியதாகக் குறிக்கப்படவேயில்லை. வரைபடம் காட்டிய இடம் ஒன்று. நம்மவர் பெருகி வாழ்ந்த இடம் மற்றொன்று. இதற்கு விடை காண வேண்டுமானால் தீவின் மண்ணையும் நீரையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

சிங்கப்பூர், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில், மலாயாத் தீபகற்பத்தின் தென்முனைக்கு அருகில் உள்ளது. பெருந்தீவின் நீளம் கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர். அகலம் வடக்குத் தெற்காகச் சுமார் 27 கிலோமீட்டர். சுற்றிலும் சிறு தீவுகள் பல உண்டு. வடக்கே ஜொகூர் நீரிணை தீவை நிலப்பரப்பிலிருந்து பிரிக்கிறது. தெற்கே சிங்கப்பூர் நீரிணை, உலகக் கப்பல்களின் நெடுஞ்சாலையாக விளங்குகிறது.

நில அமைப்பை நோக்கின், தீவை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கொள்ளலாம். முதலாவது, நடுப்பகுதி. இது கருங்கல்லால் ஆன மேட்டு நிலம். இங்குள்ள புக்கிட் தீமா குன்றே தீவின் மிக உயர்ந்த இடம். அதன் உயரம் சுமார் 164 மீட்டர். மலாய் மொழியில் 'தீமா' என்றால் வெள்ளீயம். ஆயினும் அக்குன்று ஈயத்திற்குப் பெயர் பெற்றதன்று. அங்கு வெட்டி எடுக்கப்பட்டது கருங்கல்லே. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு இறுகி உண்டான கல் அது. வடகிழக்கிலுள்ள புலாவ் உபின் தீவிலும் இதே இனத்துக் கல் உண்டு. 1850, 1851-ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திற்குக் கல் அங்கிருந்துதான் சென்றது.

இரண்டாவது, மேற்கும் தென்மேற்கும். மணற்கல்லும் களிப்பாறையும் அடுக்கடுக்காகப் படிந்து, பிறகு மடிந்து எழுந்த முகடுகள் இங்கு வரிசையாக நிற்கின்றன. ஜூரோங் தொடங்கி ஃபேபர் குன்று வரை இவற்றைக் காணலாம். மூன்றாவது, கிழக்குப் பகுதி. பழங்கால ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் பரலும் களியும் கலந்த தாழ்ந்த மேடுகள் இங்கே பரந்து கிடக்கின்றன. பெடோக், தெம்பனிஸ், சாங்கி ஆகிய இடங்கள் இப்பகுதியில் அடங்கும்.

இம்மூன்றுக்கும் இடையே உள்ள பள்ளங்களில் நான்காவதாக ஒரு நிலம் இருக்கிறது. நம் கதைக்கு அதுவே இன்றியமையாதது. உலகின் கடைசிப் பனிக்காலம் முடிந்தபின் கடல் மட்டம் உயர்ந்தது. கடல்நீர் ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்தது. அப்போது அங்கே மென்மையான களிமண் கனமாகப் படிந்தது. காலாங் ஆறு, ரோச்சோர் ஆறு, கேலாங் ஆறு ஆகியவை வந்து கூடும் தென்கிழக்குத் தாழ்நிலம் இத்தகையதே. ஆற்றோரம் சதுப்பு, கழிமுகத்தில் அலையாத்திக் காடு, சற்று மேலே புல்லும் மூங்கிலும் என்று அது இருந்தது. இந்த ரோச்சோர் ஆற்றின் பக்கத்தில்தான் தேக்கா அமைந்திருக்கிறது.

இனித் தட்பவெப்பத்தைப் பார்ப்போம். நம் தமிழ்நாட்டைப் போல் மழைக்காலம், கோடைக்காலம் என்ற தெளிவான பிரிவு சிங்கப்பூரில் இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் உண்டு. ஆண்டுச் சராசரி மழை 2,100 மில்லிமீட்டருக்கு மேல். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் வீசும். பாய்மரக் காலத்தில் இக்காற்றுகளே கப்பல்களின் நாட்குறிப்பாக இருந்தன. நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டைக் கரைகளிலிருந்து வணிகர்கள் தென்மேற்குக் காற்றோடு கிழக்கே வந்து, வடகிழக்குக் காற்றோடு ஊர் திரும்பினார்கள். மழை இவ்வளவு இருந்தும், அதைத் தேக்கி வைக்கப் பெரிய ஆறோ ஏரியோ இத்தீவில் இல்லை. ஆகவே நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதே ஆரம்ப காலத்தில் குடியேறியவர்களின் முதற்கேள்வியாக இருந்தது.

இதற்கு ஒரு சான்று கூறலாம். 1819-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது, அவருடன் பினாங்கிலிருந்து நாராயண பிள்ளை என்னும் தமிழர் வந்தார். செங்கற்சூளை அமைத்தும் துணி வாணிகம் செய்தும் இங்கு முன்னேறியவர் அவர். இந்துக்களுக்கு ஒரு கோயில் எழுப்ப அவர் முனைந்தபோது தெலுக் ஆயர்ப் பகுதியில் ஓரிடம் கிடைத்தது. ஆனால் அங்கே கோயில் காரியங்களுக்கு வேண்டிய நன்னீர் கிடைக்கவில்லை. அந்த இடம் கைவிடப்பட்டது. பின்னர் கிடைத்த வேறோர் இடம் நகரத் திட்டத்திற்கு ஒத்துவரவில்லை. இறுதியில் 1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் வழங்கப்பட்டது. 1827-இல் மரத்தாலும் கீற்றாலும் கோயில் எழுந்தது. அதுவே இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயில். அம்மன் எங்கே குடிகொள்வது என்பதையும் அன்று தண்ணீரே தீர்மானித்தது எனலாம்.

தேக்காவுக்கு வருவோம். சிராங்கூன் என்னும் பெயர், 'ராங்கோங்' என்ற சதுப்புநிலப் பறவையின் பெயரிலிருந்து வந்தது என்பர். நகரிலிருந்து வடகிழக்கே, அப்பறவைகள் வாழ்ந்த சிராங்கூன் ஆற்றை நோக்கிச் சென்ற பாதையே சிராங்கூன் சாலை. 1828-இல் வெளியான வரைபடத்திலேயே அது ஒரு சிறு வழியாகக் காணப்படுகிறது.

அப்பாதையோரத்து நிலம் பயிர்த்தொழிலுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அங்கே கிடைத்த களிமண் செங்கல் அறுக்க ஏற்றது. வளரும் நகருக்குச் செங்கல் தேவைப்பட்டது. நகருக்கு அண்மையிலேயே களிமண்ணும் தண்ணீரும் இருந்தன. ஆகவே சூளைகள் எழுந்தன. 1858-இல் அரசாங்கமே சிராங்கூன் சாலையில் செங்கற்சூளை வைத்தது. அங்கு உழைத்தவர் யார்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அவர்களில் முதற்கூட்டத்தினர் 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்டனர். 1873 வரை கைதிகளின் உழைப்பு இங்கே பயன்படுத்தப்பட்டது. சதுப்பைத் தூர்த்தவர்களும், சாலை போட்டவர்களும், கல் உடைத்தவர்களும் அவர்களே. 1856 முதல் 1861 வரை எழுந்த புனித ஆண்ட்ரூ தேவாலயமும், 1869-இல் முடிந்த ஆளுநர் மாளிகையும் அவர்கள் கைவண்ணம். அந்த மாளிகைதான் இன்று இஸ்தானா எனப்படும் அதிபர் மாளிகை. காலில் விலங்கோடு வந்தவர்கள் கட்டிய கட்டடங்கள் இன்று நாட்டின் பெருமைக்குரிய சின்னங்கள்; கட்டியவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம்.

செங்கல்லுக்கு அடுத்தது சுண்ணாம்பு. தேவாலயத்தின் உட்சுவர்களுக்குப் பூசப்பட்டது நம் நாட்டுச் 'சென்னைச் சுண்ணம்'. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் வெல்லமும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசி, கல் கொண்டு தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்க்கு அந்தப் பளபளப்பு தெரியும். சிராங்கூன் சாலையில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால், அவ்விடத்தை நம்மவர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றனர். கம்பம் என்பது கம்போங் என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். அங்கிருந்த ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் 'சுண்ணாம்புக் கம்பக் கோயில்' என்றே ஒரு பெயர் வழங்கியது. வேலை இருந்த இடத்தில் குடில்கள் வந்தன; குடில்கள் வந்த இடத்தில் காளி வந்தாள். சற்றுத் தள்ளி, 1855-இல் பெருமாளும் கோயில் கொண்டார். இன்று ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் எனப்படுவது அதுவே.

மூன்றாவது தொழில், மாடு. ரோச்சோர் ஆற்றோரத்துச் சதுப்பும் குட்டைகளும் எருமைகளுக்குச் சுவர்க்கம். புல் தாராளம், தண்ணீர் தாராளம். வண்டி இழுக்கவும், பாலுக்கும், இறைச்சிக்கும் மாடு வேண்டியிருந்த காலம் அது. இந்தியாவோடு தொடர்புடைய மாட்டு வணிகர்கள் இங்கே தொழுவங்கள் வைத்தனர். அவர்களுள் கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் யூத வணிகர் புகழ் பெற்றவர்; பெலிலியோஸ் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாட்டைத் தொடர்ந்து பாற்காரர்களும் வண்டிக்காரர்களும் வந்தனர். எண்ணெய் ஆட்டுவோரும் மாவரைப்போரும் வந்தனர். அவர்களுக்குச் சோறு போடவும் துணி விற்கவும் கடைகள் வந்தன. சீனர்களின் ஆலைகளும் அதே தண்ணீரை நம்பி அங்கே தோன்றின. தேக்கா எந்நாளும் தமிழர்க்கு மட்டும் உரிய இடமாக இருந்ததில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

இப்போது அங்குள்ள பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். எருமைத் தெரு, அதாவது பஃபலோ சாலை. அதற்கு அருகே, மலாய் மொழியில் அதே பொருள் தரும் கெர்பாவ் சாலை. மாடு எனப் பொருள்படும் லெம்பு சாலை. ஆறு எனப் பொருள்படும் சுங்கை சாலை. தேக்கா என்ற சொல் தேக்கு மரத்தோடு தொடர்புடையது போல் நம் காதில் விழுகிறது. உண்மையில் அது ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தது. மூங்கிலின் அடி என்பது பொருள். ஆற்றோரம் மூங்கில் அடர்ந்திருந்த காலத்தின் நினைவு அது. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைத் தொழுவம். அப்பெயரைத் தாங்கிய மருத்துவமனை 1924-இல் மகப்பேற்று மருத்துவமனை ஆயிற்று. 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்து உலகச் சாதனை படைத்தன. சிங்கப்பூரரில் பெருந்தொகையினர் எருமைத் தொழுவத்தில் பிறந்தவர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

அருகிலிருந்த பரந்த வெளி குதிரைப் பந்தயத் திடலாயிற்று. 1843-இல் தொடங்கிய பந்தயங்கள் 1933 வரை அங்கு நடந்தன. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் அதன் எச்சம். அந்தத் திடல்தான் ஃபேரர் பார்க். 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த ஆயிரக்கணக்கான இந்தியப் படைவீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டதும் அங்கேதான். இந்திய தேசிய இராணுவத்தின் கதையில் அந்நாள் ஒரு திருப்புமுனை. நகரையொட்டி அவ்வளவு பேரையும் கொள்ளும் சமவெளி அங்கே இருந்தது.

தேக்காவுக்கு மட்டும் உரியதன்று இந்த விதி. தென்கரையில் கடல் ஆழமாகவும் தீவுகளால் காக்கப்பட்டும் இருந்த இடத்தில் கெப்பல் துறைமுகம் அமைந்தது. அதனால் தஞ்சோங் பகாரில் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. வடக்கே ஜொகூர் நீரிணையின் அமைதியான ஆழநீர் பிரிட்டிஷாரை ஈர்த்தது. 1938-இல் திறக்கப்பட்ட கடற்படைத் தளத்தால் செம்பவாங்கில் தமிழரும் மலையாளிகளும் திரண்டனர். ஆற்றங்கரைக் கிடங்குகளுக்கு அருகே மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தனர். 1859-இல் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலோ, ஃபோர்ட் கேனிங் குன்றின் அடியில் இருக்கிறது. குறிஞ்சிக் கிழவன் சிங்கப்பூரிலும் குன்றை விடவில்லை!

இவ்வாறு நிலம் மனிதனை நடத்திய காலம் ஒன்று. மனிதன் நிலத்தை மாற்றத் தொடங்கிய காலம் மற்றொன்று. இரண்டும் இங்கே ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கின. 1822-இலேயே, இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கும் இடத்திலிருந்த குன்றை வெட்டி, ஆற்றின் தென்கரைச் சதுப்பைத் தூர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தெலுக் ஆயர் விரிகுடா தூர்க்கப்பட்டது. 1828-க்கும் 1830-க்கும் இடையே தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா, அலைகள் வந்து தொடும் கரையை நோக்கி நின்றது. கடல் கடந்து வந்தவர்கள் கரையேறியதும் நன்றி செலுத்திய இடம் அது. இன்று அங்கே நின்றால் கடல் தெரியாது; வானளாவிய கட்டடங்களே தெரியும். தர்கா நகரவில்லை, கடல்தான் நகர்ந்து போயிற்று.

விடுதலைக்குப் பின் இப்பணி பேருருக் கொண்டது. ஜூரோங் மேடுகளை வெட்டிச் சதுப்பில் கொட்டித் தொழிற்பேட்டை அமைத்தனர். 1966 முதல் பெடோக், சிக்லாப் மேடுகளின் மண் கிழக்குக் கடற்கரையில் கொட்டப்பட்டு 1,500 ஹெக்டேருக்கு மேல் புதுநிலம் கிடைத்தது. 1981-இல் திறக்கப்பட்ட சாங்கி விமான நிலையத்தின் பெரும்பகுதி கடலைத் தூர்த்த நிலமே. 1960-களில் சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று சுமார் 735 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வளர்ந்திருக்கிறது. குன்றுகள் தாழ்ந்தன, கடல் பின்வாங்கியது. ஐந்து வட்டாரங்களாக இன்று நாடு பிரிக்கப்பட்டிருப்பது திட்டமிடுவோர் கோட்டின்படியே, பாறையின் படியன்று.

அப்படியானால் நிலத்தின் ஆட்சி முடிந்துவிட்டதா? இல்லை. மண் தன் குணத்தை அவ்வப்போது நினைவூட்டத்தான் செய்கிறது. 1978 டிசம்பர் 2 அன்று, ஒரே நாளில் சுமார் 512 மில்லிமீட்டர் மழை கொட்டித் தாழ்நிலங்கள் மூழ்கின, உயிர்களும் பலியாயின. பழைய சதுப்பெல்லாம் அன்று தம் பழைய எல்லையைக் காட்டின. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி, சுரங்க ரயில் பணியின்போது இடிந்து விழுந்தது. 4 பேர் உயிரிழந்தனர். வடிவமைப்புப் பிழைகளே காரணம் என விசாரணையில் தெரிந்தது. ஆனால் பிழையைப் பொறுக்காத மண் அது. காலாங் பள்ளத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த அந்த மென்களிமண்தான் அங்கும் இருந்தது.

நிலத்தின் இயல்பை அறிந்து நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் அதே ரோச்சோர் ஆறு எடுத்துக்காட்டு. நன்னீர்த் தேவைக்காக 1868-இல் மெக்ரிட்சி நீர்த்தேக்கம் நடுமேட்டில் உருவாயிற்று. பின்னர் பியர்ஸ், சிலேத்தார் நீர்த்தேக்கங்கள் வந்தன. அவை போதாமல் ஜொகூரிலிருந்து நீர் வாங்கினோம். 1962-இல் செய்துகொண்ட உடன்பாடு 2061 வரை நீடிக்கும். அதற்குப் பிறகு? 1977 முதல் 1987 வரை, சாக்கடையாய்க் கிடந்த சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் பள்ளத்து ஆறுகளையும் தூய்மை செய்தார்கள். 2008-இல் கழிமுகத்தில் மரினா அணை எழுந்தது. கடல்நீர் வெளியே நின்றது. உள்ளே மழைநீர் தேங்கி நன்னீர் ஆயிற்று. தீவின் பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை இன்று அந்த நீர்த்தேக்கத்தை அடைகிறது. அதில் தேக்காவும் அடங்கும். எருமை புரண்ட வாய்க்கால் வழியே ஓடும் நீர், சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாயில் வருகிறது. கோயில் கட்ட இடம் தேடி, நன்னீர் இல்லையே என்று திரும்பிய நாராயண பிள்ளையின் காலத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நாம் கடந்து வந்த தூரம் புரியும்.

இனி வரும் சோதனை கடலிலிருந்து வரும். தீவின் பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்திற்குள்தான் இருக்கிறது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் கடல் ஒரு மீட்டருக்கு மேலும் உயரக்கூடும் என்று அறிவியலார் கணிக்கின்றனர். முன்பு நிலம் பெறுவதற்காகக் கடலைத் தூர்த்தோம்; இனி இருக்கும் நிலத்தைக் காப்பதற்காகவும் தூர்க்க வேண்டியிருக்கிறது. கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் நீண்ட தீவு ஒன்றை அமைத்து, கரையைக் காக்கவும் நன்னீர் தேக்கவும் செய்யும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டுள்ளது.

அப்போது எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம், எந்த இடத்தில் நீர் தேங்கும் என்று அறிந்திருப்பது வெறும் பள்ளிப் பாடமாக இராது. அந்த அறிவு நம் தெருப் பெயர்களிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 'தோ பாயோ' என்றால் பெருஞ்சதுப்பு. 'தெலுக் ஆயர்' என்றால் நீர் விரிகுடா. 'தேக்கா' என்றால் மூங்கிலடி. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் தத்தம் மொழியில் இந்த மண்ணுக்கு வைத்த பெயர்கள் இவை. சுண்ணாம்புக் கம்பம் என்பது அவற்றுள் நம் முன்னோர் வைத்த பெயர். அது இன்று எந்தத் தெருப்பலகையிலும் இல்லை. வீரமாகாளியம்மன் சந்நிதியில் நிற்கும்போது நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லி, அது ஏன் வந்தது என்பதையும் சொல்லிக் கொடுப்போம். களிமண்ணையும் சுண்ணாம்பையும் சுமந்து இந்த நகரை எழுப்பியவர்களுக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அது.